ஆடையின் ஆயுள்

மதுரை மாநகரில், இராணி மங்கம்மாள் காலத்துத் தமுக்கம் அரண்மனையில், காந்தி நினைவு அருங்காட்சியகம் அமைந்திருக்கின்றது. 1959ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் நாள் பிரதமர் நேரு அதனைத் திறந்து வைத்தார். அங்கே பேணப்படும் பொருள்களுள் தலையாயது ஒரு துணி. 1948 ஜனவரி 30ஆம் நாள், சுடப்பட்ட வேளையில் காந்தியடிகள் அணிந்திருந்த ஆடை அது. குருதிக் கறை படிந்தது.

நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் ஆண்டுதோறும் மாணவரை அங்கே அழைத்துச் செல்வது வழக்கம். எத்துணைக் குறும்பு செய்யும் பிள்ளையும் அந்தத் துணியின் முன் வாய் மூடி நிற்பான். ஒருமுறை மட்டும் ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் என் கையைப் பற்றி, "ஐயா, இந்தத் துணி இத்தனை வருஷமாக இற்றுப்போகாமல் எப்படி இருக்கிறது? என் சட்டை ஒரு தீபாவளிக்கும் மறு தீபாவளிக்கும் நடுவிலேயே கிழிந்துவிடுகிறதே!" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு இருந்தது ஒரே ஒரு நல்ல சட்டை என்பதை நான் அறிவேன். அன்று அவனுக்கு, "வெளிச்சமும் ஈரமும் பூச்சியும் அணுகாமல் காக்கிறார்கள்" என்று சுருக்கமாக விடை சொன்னேன். அது பாதி விடைதான். பேழைக்குள் இருக்கும் துணிக்கு அது பொருந்தும். உடலில் இருக்கும் துணிக்குப் பொருந்தாது. மீதி விடையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

ஓர் ஆடையின் ஆயுளை மூன்று முடிவு செய்கின்றன. முதலாவது, துணி எதனால் ஆனது என்பது. இரண்டாவது, அது உடலுக்கு எவ்வாறு அளவெடுக்கப்பட்டது என்பது. மூன்றாவது, அதனை எவ்வாறு பேணுகின்றோம் என்பது. இம்மூன்றையும் மதுரையின் வரலாற்றிலிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

மதுரையும் துணியும் பிரிக்க முடியாதவை. சங்கப் புலவர் வரிசையில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒருவர் இருக்கின்றார். 'அறுவை' என்றால் துணி. அவர் துணி விற்ற வணிகர். அறுக்கப்படுவது அறுவை, துணிக்கப்படுவது துணி, துண்டிக்கப்படுவது துண்டு. நம் முன்னோர் ஆடைக்கு இட்ட பெயர்களிலேயே, தறியிலிருந்து நீளமாக வந்ததை வேண்டிய அளவுக்கு அறுத்து உடுத்தினர் என்னும் செய்தி அடங்கியிருக்கின்றது. கௌடிலியரின் அர்த்தசாத்திரமும் சிறந்த பருத்தி ஆடை கிடைக்கும் இடங்களுள் 'மாதுர'த்தைக் குறிக்கின்றது. அது நம் மதுரையே என்று கொள்வார் உளர்.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரைக் கடைவீதிகளைச் சுற்றிப் பார்க்கின்றான். அறுவை வீதியில் மடிப்பு மடிப்பாகத் துணிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவை மூவகை நூலால் ஆனவை என்று இளங்கோவடிகள் கூறுகின்றார்: பருத்தி நூல், மயிர் நூல், பட்டு நூல். பருத்திக்கும் பட்டுக்கும் நாம் வியப்பதில்லை. மார்கழியிலும் குளிர் 20 பாகைக்குக் கீழே மிகுதியாக இறங்காத இந்த ஊரில் மயிரால் நெய்த துணி விற்றதென்றால், அதுதான் எண்ணிப் பார்க்கத்தக்கது. அந்த மயிரை எலிமயிர் என்று உரையாசிரியர் விளக்குகின்றார். எவ்வுயிரின் மயிராயினும், உரோமத்தால் நெய்த ஆடையை மதுரை அறிந்திருந்தது என்பதில் ஐயமில்லை.

வெயில் ஊருக்குக் கம்பளி எதற்கு என்று கேட்கலாம். மதுரையிலிருந்து மேற்கே பாருங்கள். பழனிமலைத் தொடர் நிற்கின்றது. அதன்மேல் உள்ள கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரம். குளிரில் நடுங்கிற்று என்று எண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் ஆண்ட மலை நாடு அதுவே. சமவெளியிலும் ஆட்டு மந்தையோடு வெட்டவெளியில் கிடை போடும் இடையனுக்குக் கார்த்திகை மழையும் தை மாதப் பனியும் கடுமையானவையே. அவன் தோளில் கம்பளி கிடக்கும். மழை வந்தால் அதனையே முக்காடாக மடித்துக்கொள்வான். இரவில் அதுவே பாய். விடியலில் அதுவே போர்வை. ஒரே துணி மூன்று வேலை செய்தது.

ஆனால் எல்லா ஆடும் கம்பளிக்கு உதவாது. நம் தென்மாவட்டக் கரிசல் நிலத்து வேம்பூர் ஆடும் கீழக்கரிசல் ஆடும் மேலே குட்டை மயிர் மட்டுமே உடையவை. அவை இறைச்சிக்கு ஆகும், கம்பளிக்கு ஆகா. திருச்சிக் கருப்பு ஆடும் கோயம்புத்தூர் ஆடும் முரட்டு உரோமம் தருவன. நாட்டுக் கம்பளி அவற்றால் ஆவது. மெல்லிய உரோமம் வேண்டுமானால் நீலகிரி ஆட்டை நாட வேண்டும். கொடைக்கானல் மலையில் மன்னவனூர் என்னும் ஊரில் 1965ஆம் ஆண்டு முதல் மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென் மண்டல நிலையம் இயங்கி வருகின்றது. இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கும் அவ்வூர், 1985 வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததே. வெளிநாட்டு மெரினோ இனத்தின் கலப்பால் உண்டான 'பாரத் மெரினோ' ஆடுகள் அங்கே மேய்கின்றன.

முரட்டுக் கம்பளி மேனியில் குத்தும். ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மெல்லிய மெரினோ பஞ்சு போல் இருக்கும். ஆனால் உராய்ந்த இடத்தில் விரைவில் தேயும். மேனியை ஒட்டி அணிவதற்கு மெல்லியது. மேலே போர்த்துவதற்கு முரடு. எந்தத் துணி எந்த வேலைக்கு என்று அறிந்து வாங்குவதே ஆடையை நீடிக்கச் செய்யும் முதற்படி. பருத்திக்கும் இதே விதிதான். கரிசலில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தியின் இழை குட்டையானது. தடித்த உறுதியான துணிக்கு ஏற்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியாப் பருத்தியின் இழை நீளமானது. மெல்லிய நூலுக்கு ஏற்றது. நீண்ட இழைகள் ஒன்றையொன்று நன்றாகப் பற்றிக்கொள்ளும். ஆதலால் நூல் மெல்லியதாயினும் எளிதில் அறாது. துணிக்கடையில் நிற்கும்போது வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன் துணியை வெளிச்சத்தின் எதிரே பிடித்துப் பாருங்கள். இழைகள் நெருக்கமாகவும் ஒரே சீராகவும் இருக்கின்றனவா? விரலால் தேய்த்தால் மாவு உதிர்கின்றதா? மாவு உதிர்ந்தால், நீங்கள் காசு கொடுப்பது கஞ்சிக்கு, துணிக்கு அன்று.

இனி, துணியை நெய்தவர் கதைக்கு வருவோம். நாயக்க மன்னர் காலத்தில் மதுரையில் நிலைபெற்ற சௌராட்டிர மக்கள் பட்டிலும் பருத்தியிலும் கைதேர்ந்த நெசவாளர். சாயம் தோய்ப்பதில் அதனினும் வல்லவர். அவர்களுடைய சுங்குடிச் சேலை 2005ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. துணியை விரல் நுனியால் சிறு சிறு புள்ளியாகக் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கி, ஆயிரக்கணக்கான முடிச்சுகள் இட்டுச் சாயத்தில் அமிழ்த்துவர். முடிச்சுக்குள் சாயம் புகாது. அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளிகள் வானத்து மீன்கள் போல் தோன்றும். மதுரையின் வெக்கைக்கு அந்தப் பருத்திச் சேலையினும் ஏற்றது வேறில்லை. முதன்முறை நனைக்கும்போது உப்பிட்ட நீரில் தனியே நனைத்து நிழலில் உலர்த்த வேண்டும் என்பது வீட்டுப் பெண்கள் கைவழியாக வந்த பாடம்.

சேலைக்கும் வேட்டிக்கும் இன்னொரு பெருமை உண்டு. அவற்றில் தையல் இல்லை. தையல் இல்லாத துணியில் இழுவை ஓரிடத்தில் மட்டும் விழுவதில்லை. இன்று ஒரு தலைப்பை உள்ளே செருகினால் நாளை மறு தலைப்பைச் செருகலாம். தேய்மானம் துணி முழுவதும் பரவும். உடல் பருத்தாலும் இளைத்தாலும் வேட்டி பொருந்தும். தந்தையின் வேட்டி மகனுக்கும் பொருந்தும். நைந்த சேலை தொட்டிலாகும். தொட்டில் நைந்தால் கைப்பிடித் துணியாகும். அதுவும் நைந்தால் விளக்குத் திரியாகும். எங்கள் வீட்டில் என் தாயின் சேலை ஒன்று இவ்வாறு நான்கு பிறவி எடுத்ததை நான் கண்டிருக்கின்றேன்.

தைத்த உடை நமக்கு முற்றிலும் புதியதன்று. முல்லைப்பாட்டில், பாசறையில் காவல் நிற்கும் யவனர் சட்டை அணிந்திருக்கின்றனர். புலவர் அதற்கு இட்ட பெயர் 'மெய்ப்பை'. மெய்யை இடும் பை என்பது பொருள். இந்தச் சொல்லை மறவாதீர்கள். பின்னர் இதற்கு வேலை இருக்கின்றது.

ஆங்கிலேயர் ஆட்சியில் தைத்த உடை பெருகிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி நிறுவனத்தார் மதுரையில் தொடங்கிய நூல் ஆலையால் ஊரின் முகமே மாறியது. 'மதுரா மில்ஸ்' என்று வழங்கிய அது 1970களில் 'மதுரா கோட்ஸ்' ஆயிற்று. தையல் நூலுக்குப் பெயர் பெற்றது. பழைய பள்ளிகளின் சுவரில் தொங்கும் படங்களைப் பாருங்கள். பஞ்சகச்சம், தலைப்பாகை, அவற்றுக்கு நடுவே மூடிய கழுத்துக் கோட்டு அணிந்து ஆசிரியர்கள் அமர்ந்திருப்பர். சிலர் அணிந்தது அல்பாக்காக் கோட்டு. தென் அமெரிக்க மலையில் வாழும் ஒரு விலங்கின் உரோமம் கலந்த மெல்லிய துணி அது. எடை குறைவு, உழைப்பு மிகுதி. சிறு சம்பளத்தில் வாழ்ந்த அவர்கள், சட்டைக் கழுத்துப் பட்டை தேய்ந்தால் அதனைப் பிரித்து, மறுபுறம் திருப்பித் தைத்து, மேலும் இரண்டு ஆண்டு அணிவர். அதில் அவர்களுக்கு நாணம் இருந்ததில்லை.

நாணம் எனக்குத்தான் இருந்தது. அதனையும் சொல்லிவிடுகின்றேன். 1980களில், நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, மாணவர் சிலரைக் குளிர்காலத்தில் டில்லிக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு வந்தது. வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கம்பளிக் கோட்டுத் தைக்கக் கொடுத்தேன். இரண்டு மாதச் சேமிப்பு அதற்குப் போயிற்று. படங்களில் வரும் கதாநாயகனைப்போல் உடலைப் பிடித்தாற்போல் இருக்க வேண்டும் என்று தையற்காரரிடம் வற்புறுத்தினேன். அவரும் அவ்வாறே தைத்துக் கொடுத்தார். டில்லி நிலையத்தில் மாணவன் ஒருவனின் பெட்டியை எடுக்கக் குனிந்தேன். அக்குளிலிருந்து முதுகு வரை 'சர்' என்று கிழிந்தது. பயணம் முழுவதும் கோட்டின் மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஊர் திரும்பியதும் அதனை எடுத்துக்கொண்டு புதுமண்டபத்துக்குச் சென்றேன். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தில், சிற்பத் தூண்களுக்கிடையே அக்காலத்தில் தையற்காரர்கள் வரிசையாக எந்திரங்களை இட்டு அமர்ந்திருப்பர். முதியவர் ஒருவர் கோட்டை வாங்கி உட்புறம் திருப்பினார். விரலால் தையலைத் தடவினார். பின்னர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வாத்தியாரய்யா, துணி மேல குத்தமில்ல. அசையறதுக்கு இடமே இல்லாம தச்சா, தையலே துணியக் கிழிச்சிரும். உள்ள ரெண்டு விரக்கடை துணி விட்டிருந்தாக்கூடப் பிரிச்சு விட்டுக் குடுப்பேன். அதுவும் இல்லியே!"

"இதற்கு இனி வழியே இல்லையா?" என்று கேட்டேன்.

"கையை எடுத்துட்டு, கையில்லாத கோட்டா ஆக்கித் தாரேன். உங்க தம்பி யாராச்சும் மெலிஞ்ச ஆளா இருந்தாக் குடுங்க. அடுத்த தடவை தைக்கையில, நின்னு அளவு குடுக்காதீங்கய்யா. உக்காந்து, கைய நீட்டி, குனிஞ்சு பாத்து அளவு குடுங்க."

நாற்பது ஆண்டு ஆகியும் அந்த அறிவுரையை நான் மறக்கவில்லை. மெய்ப்பை என்று புலவர் சொன்னதை அந்த முதியவர் படித்திருக்க மாட்டார். ஆனால் அதன் பொருளை அவர் கை அறிந்திருந்தது. பை என்றால் உள்ளே இருப்பது அசைய இடம் வேண்டும். தைத்த உடை முதலில் கிழியும் இடங்களை எண்ணிப் பாருங்கள்: அக்குள், முழங்கை, முழங்கால், இருக்கை. அனைத்தும் உடல் மடங்கும் இடங்கள். அங்கே துணி இறுகியிருந்தால் ஒவ்வோர் அசைவும் தையல் துளைகளை இழுத்துப் பெரிதாக்கும். மிகத் தளர்வாக இருந்தாலோ துணி துணியோடு உராய்ந்து தேயும். கதவிலும் வண்டியிலும் மாட்டிக் கிழியும். ஆகவே அளவு என்பது இரண்டுக்கும் நடுவே இருப்பது. வளரும் பிள்ளைக்குத் தைக்கும்போது உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அடிமடிப்பை அகலமாக விடச் சொல்லுங்கள். கம்பளித் துணியாயின், வெட்டுவதற்கு முன் நனைத்து உலர்த்தி, சுருங்குவது சுருங்கிவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே வழவழப்பான துணி கொடுத்துத் தைத்தால், உராய்வை அது தாங்கிக்கொள்ளும்; கம்பளி பிழைக்கும்.

மூன்றாவது, பேணும் முறை. பருத்தி இழை நனைந்தால் வலிமை கூடும். கம்பளி இழை நனைந்தால் வலிமை குறையும். வைகைக் கரையில் கல்லில் ஓங்கி அடித்து, உவர்மண் இட்டு, வெள்ளாவியில் வைத்துப் பருத்தியை வெளுத்தார்களே, அது பருத்தியின் இயல்பை அறிந்த தொழில். அதே முறையைக் கம்பளிக்குச் செய்தால் கெட்டது. கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் காரமும் கசக்கலும் சேர்ந்தால் அச்செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கித் தடித்துவிடும்; பின்னர் விரியாது. என் கம்பளிப் பனியன் ஒன்றை நானே வெந்நீரில் துவைத்து, அது என் ஐந்து வயது மகனுக்குச் சரியாகப் பொருந்தக் கண்டவன் நான்.

கம்பளியைக் குளிர்ந்த நீரில், பூந்திக்கொட்டை நுரையில் சற்று நேரம் ஊறவிட்டு, மெல்ல அமுக்கி எடுத்தல் வேண்டும். முறுக்கிப் பிழிதல் கூடாது. ஈரக் கம்பளியைக் கொடியில் தொங்கவிட்டால் தன் எடையாலேயே நீண்டுவிடும். பாயில் பரப்பி நிழலில் உலர்த்துக. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் ஈரமாகத் தோன்றாது. ஆதலால் உலர்ந்துவிட்டது என்று ஏமாந்து பெட்டியில் அடைத்துவிடாதீர்கள். கம்பளியை அரிக்கும் புழுவுக்கு அழுக்கும் வியர்வையும் படிந்த இடமே விருந்து. எனவே தூய்மை செய்து, ஒரு நாழிகை வெயில் காட்டி, உதறி, காய்ந்த வேப்பிலையோடு மடித்து வையுங்கள். ஒரு நாள் அணிந்த கம்பளிக்கு மறுநாள் ஓய்வு கொடுங்கள். வளைந்த இழைகள் தாமே நிமிர்ந்துகொள்ளும்.

இவ்வளவும் சிக்கனம் கற்பிக்கும் வீட்டுக் குறிப்புகள்தாமே, வரலாற்றுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். மதுரை மேலமாசி வீதிக்கு வாருங்கள். 1921 செப்டம்பரில் காந்தியடிகள் சென்னையிலிருந்து மதுரைக்கு இரயிலில் வந்தார். வழியில் உடன் வந்த ஏழை மக்களிடம், அயல்நாட்டுத் துணியை விட்டுக் கதர் அணியலாகாதா என்று கேட்டார். கதர் வாங்கும் அளவுக்கு எங்களிடம் பணம் இல்லையே என்றனர் அவர்கள். அந்த விடை அவர் உள்ளத்தைத் தைத்தது. ஆடையைக் குறைத்துக்கொள்ளும் எண்ணம் முன்பும் அவருக்கு எழுந்ததுண்டு. துணிவு வந்தது மதுரையில்தான். செப்டம்பர் 22ஆம் நாள், மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டிலிருந்து, சட்டையும் தொப்பியும் நீக்கி, அரையில் ஒரு முழத்துணியோடு வெளியே வந்தார். உடலைக் காக்க வேண்டும்போது ஒரு போர்வை, அவ்வளவே. அக்டோபர் முடியும் வரை என்று தொடங்கிய நோன்பு வாழ்நாள் முழுவதும் நீண்டது. 1931இல், இலண்டனின் கடுங்குளிரில், அரசர் ஐந்தாம் ஜார்ஜின் அரண்மனை விருந்துக்கும் அந்த அரையாடையோடும் போர்வையோடும்தான் சென்றார்.

துணி நீடிக்க வேண்டும் என்பது காசு மிச்சம் பிடிக்கும் கணக்கு மட்டும் அன்று என்பதை அந்த நாள் காட்டுகின்றது. ஒருவன் பெட்டியில் உடுத்தாத உடை குவிந்திருக்கும்போது இன்னொருவன் மாற்றுத் துணியின்றி ஈரத்தோடு நிற்கின்றான். இன்று ஆலைகள் மலிவாகத் துணியைக் குவிக்கின்றன. ஆயினும் மலிவு என்பதாலேயே மூன்று முறை அணிந்து எறிகின்றோம். எறியப்படும் பாலியஸ்டர் உடை பருத்தி போல் மட்கி மண்ணாவதில்லை. வைகையின் கரையிலும் வாய்க்காலிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றது. ஒரு முழத் துணிக்குப் பின்னால் கரிசலில் பருத்தி எடுத்தவள், நூற்றவள், நெய்தவன், தைத்தவன் என்று பல கைகளின் உழைப்பு இருக்கின்றது. அதனை ஈராண்டு கூடுதலாக உடுத்துவது அந்தக் கைகளுக்கு நாம் செய்யும் மரியாதை. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்னும் பழமொழியில் வறுமை இருக்கின்றது. வறுமையோடு ஒரு நிமிர்வும் இருக்கின்றது.

இதே மதுரையில் சங்க காலத்தில் கணக்காயனார் என்று ஒருவர் இருந்தார். கணக்காயர் என்றால் பள்ளி ஆசிரியர். எங்கள் குலத்தவர் என்று நான் உரிமை கொண்டாடலாம். அவர் மகன் நக்கீரனார் புறநானூற்றில் ஓர் உண்மையைச் சொல்லிச் சென்றார். உலகாளும் மன்னனாயினும், உறக்கமின்றி வேட்டையாடும் கல்லாதவனாயினும், உண்பதற்கு வேண்டுவது ஒரே அளவு. உடுப்பதற்கு வேண்டுவதும் இரண்டே ஆடை என்பது அதன் கருத்து. அவ்வாறாயின் செல்வத்தின் பயன் என்ன? பிறர்க்குக் கொடுத்தலே என்று அவர் முடிக்கின்றார்.

அருங்காட்சியகத்தில் என் கையைப் பற்றிக் கேட்ட சிறுவனுக்கு அந்த ஆண்டுத் தீபாவளிக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தோம். நெருக்கமாக நெய்த பருத்தித் துணி, அக்குளில் தளர்வு, உள்ளே இரண்டு விரற்கடைத் துணி விட்ட தையல். அதனை அவன் மூன்று தீபாவளி அணிந்தான். பின்னர் அவன் தம்பி அணிந்தான். துணியைப் பார்த்து வாங்குங்கள், உட்கார்ந்து அளவு கொடுங்கள், அறிந்து துவையுங்கள். உங்கள் பெட்டியில் இரண்டுக்கு மேல் மிகும் ஆடை, அது நைந்து போவதற்கு முன்பே, வேறொருவர் தோளில் ஏறட்டும்.